அறுத்ததால் அறை

'அஞ்சரைப் பெட்டி' என்று இடையின ரகரம் போட்டு எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகக் கேட்பதால் வந்த வினை. மசாலா அரைக்கிற சாமானை வைப்பதால் 'அரை' என்று விளக்கமும் சொல்கிறார்கள். அந்த எழுத்துப்படி கணக்குப் பார்த்தால் அது ஐந்தரைப் பெட்டி.

வல்லின றகரம்தான் சரி. கொடு – கொடை, தொடு – தொடை, விடு – விடை என்பது போல அறு – அறை. அறுத்துப் பிரித்த இடம் அறை. (கன்னத்தில் விழுகிற அறை வேறு சொல்.) முதலில் நிற்கும் 'அஞ்சு', வைத்து வச்சானது போல, சமைத்து சமைச்சானது போல, ஐந்து அஞ்சானது. 'பெட்டி'க்கோ மரமே வேண்டியதில்லை. தெற்கே பனையோலையில் முடைந்ததும் பெட்டிதான்.

றகரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் மரம் அறுக்கிற மில்லுக்குப் போக வேண்டும். திண்டுக்கல் சீமையில் வடமதுரை, அய்யலூர்ப் பக்கம் வேம்பும் வாகையும் அறுபட்டு, விறகுக்கு என்று ஒதுக்கிய துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றிலேயே ஒரு பெட்டி செய்துவிடலாம். வேம்பின் வாடை சீரகத்தில் ஏறும், அதை விட்டுவிடலாம். சரக்கு வந்த கட்டைச் சட்டங்களைப் பிரித்தும் செய்யலாம். ஆனால் முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் உள்ளே 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைத்தது; 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. பின்னது அடுப்படிக்கு ஆகாது.

பழைய பெட்டிகளில் சிலவற்றை ஒரே கட்டையில் குடைந்தே எடுத்திருக்கிறார்கள். துண்டுப் பலகையில் அது நடக்காது; தடுப்புகளைக் கோக்க வேண்டும். நெடுக்கே ஒரு தடுப்பு, குறுக்கே இரண்டு. சந்திக்கிற இடத்தில் இரண்டு பலகையிலும் பாதி உயரம் வரை காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கினால் ஆணியே இல்லாமல் நிற்கும். அரைக்கு அரை அறுத்தால்தான் அறை! ரகரக்காரர்களுக்கு இந்த அளவு இடம் கொடுக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அப்படிக் கோத்தால் வருவது ஆறு. ஐந்துதான் வேண்டுமென்றால் ஒரு குறுக்குத் தடுப்பை நெடுக்குப் பலகையோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று இரட்டை அகலம். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் சின்ன அறைகளில் அடங்கிவிடும். பெரியது மிளகாய் வற்றலுக்கு. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து, மிளகின் பெயரையே ஒட்டவைத்துக்கொண்டு, மிளகை விடப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்ட சரக்கு அது. மஞ்சளுக்கு இடமில்லையே என்றால், அதனால்தான் ஆசாரிகள் ஆறாகவே விட்டுவிடுகிறார்கள் போலும்.

உள்ளே வார்னிஷ் கூடாது. மூடியின் ஒரு மூலையில் ஒற்றை ஆணி அடித்துவிட்டால் விசிறி மாதிரி ஒதுங்கித் திறக்கும். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் சீமையிலும் இதற்குப் பூட்டுப் போடுவதில்லை.

இன்றைய எவர்சில்வர் டப்பாவில் அறையே கிடையாது, ஏழு கிண்ணங்கள். ஆனாலும் பெயர் அஞ்சறைப் பெட்டிதான். ஏழறைப் பெட்டி என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. காதில் ஏழரை என்று விழுந்தால் சனி அல்லவா நினைவுக்கு வரும்?