பாட்டுத் தொகையும் தொகுப்பித்தோரும்

மனிதன் பாடிய வரலாற்றை எழுதியோர் பலர். அவன் கேட்ட வரலாற்றை எழுதியோர் சிலரே. பாடல்களைத் தனக்கெனத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, வேண்டும்போது மீண்டும் கேட்கும் வழக்கம் அண்மைக்காலக் கருவிகள் தந்த புதுமை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கருவி புதியதுதான்; தொகுக்கும் வேட்கை மிகப் பழையது. தமிழர் வாழ்வில் அவ்வேட்கை கடந்துவந்த நிலைகளைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்குமிடத்துத் தெய்வம், உணவு, பறை முதலியவற்றோடு யாழையும் சேர்த்தே கூறுகிறது. மலைச்சாரலில் கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, தினையுண்ண வந்த களிறு உண்ணாமலும் பெயராமலும் உறங்கிவிடுவதை அகநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. விழுப்புண் பட்ட வீரனைக் காக்குங்கால் காஞ்சிப்பண் பாடப்பெற்றமையைப் புறநானூற்றின் 281ஆம் பாடலால் அறிகிறோம். பாலை யாழிசை கேட்ட வழிப்பறிக் கள்வரும் படைக்கலம் நழுவவிடுவதைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. பிற்காலத்துத் தேவாரப் பண்கள் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுக்கப்பட்டன. இந்நிலையில் எப்பாட்டை எப்போது கேட்பது என்பதை நிலமும் பொழுதும் தொழிலுமே முடிவு செய்தன எனலாம். தனியொருவர் விருப்பத்துக்கு ஆங்கு இடம் குறைவே.

தொகுத்தோர் மரபு

விருப்பம் தலைகாட்டும் இடம் தொகைநூல். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அதன் நானூறு பாடல்களும் கண்டவாறு கோக்கப்பட்டவை அல்ல. ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இம்முறையே ஒவ்வொரு பத்திலும் திரும்ப வருகிறது. ஒரு பாடலுக்கு அடுத்து எப்பாடல் வரவேண்டும் என்பதைப் பற்றி எத்துணை ஆழ்ந்து எண்ணியிருந்தால் இத்தகைய ஒழுங்கு அமையும் என்பதைக் கவிஞர்கள் நன்கு உணர்வர்.

சமய உலகிலும் இம்மரபு தொடர்ந்தது. தேவாரப் பதிகங்களைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் அடைவு செய்தனர். அனைத்தையும் நாள்தோறும் ஓதுதல் அரிதாதலின், 25 பதிகங்களை எட்டுத் தலைப்புகளில் அமைத்து அகத்தியர் தேவாரத் திரட்டு எழுந்தது. முழுமையும் ஓத இயலாத சிவாலய முனிவருக்காக அகத்தியர் தெரிந்தளித்தது என்பது மரபுக்கதை. ஒருவர் வாழ்நாளின் அளவுக்கேற்பப் பாட்டுக்கடலிலிருந்து சிலவற்றை மொண்டு கொடுக்கும் கருத்து இக்கதையில் தெளிவாக உள்ளது.

தட்டும் வானொலியும்

எடிசன் 1877இல் ஒலியைப் பதிவு செய்து காட்டியபின் பாட்டு பாடுவோரை விட்டுப் பிரிந்து பயணம் செய்யத் தொடங்கியது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் குரல்கள் இசைத்தட்டுகளில் ஊர்தோறும் சென்றன. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே அடங்கியது. கருவி வாங்க வசதியற்றோர் பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உடையவர் வைத்த தட்டையே கேட்டனர்.

1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. 1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற கேஸ்கர் காலத்தில் அவ்வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றியது. இக்காலத்தின் தனிச்சிறப்பு நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரை எழுதி அனுப்பிவிட்டுப் பல நாள் காத்திருந்தனர். பாட்டுக்கு முன் தம் பெயரும் ஊர்ப்பெயரும் ஒலிக்கக் கேட்பது, பாட்டைக் கேட்பதினும் பெரிய மகிழ்ச்சியாயிற்று. விருப்பம் ஒருவருடையது, கேட்டவர் நாடு முழுவதும்.

ஒலிநாடாக் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, 1980களில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது. கடைத்தெருக்களில் பாடல் பதிவு நிலையங்கள் முளைத்தன. வாடிக்கையாளர் கோடிட்ட தாளொன்றில் தாம் விரும்பிய பாடல்களை வரிசையாக எழுதி, வெற்று கேசட்டுடன் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துச் சென்று வாங்கி வருவார். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாடல்கள் ஆறு அடங்கும். ஏழாவது பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோகும். ஆகவே எதை விடுவது என்பது பெருங்கேள்வியாயிற்று. அப்பட்டியலை எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவிட்டோர் உண்டு. அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட அத்தாள்கள், எழுதியவரின் அந்தரங்க வரலாறாகவே அமைந்தன. காதலைச் சொல்ல நாவெழாதோர் பாட்டு வரிசையால் அதனைச் சொல்லிப் பார்த்தனர்.

இதனைப் பழைய மரபோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். பட்டியல் எழுதியவர் தொகுப்பித்தோர். பதிவு செய்த கடைக்காரர் தொகுத்தோர். முன்பு வேந்தர்க்கு வாய்த்த இடம் இப்போது மாணவர்க்கும் தையற்காரர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் வாய்த்தது. ஒன்றை மட்டும் மறைத்தல் ஆகாது. இப்பதிவுகளிற் பெரும்பாலானவை உரிமையாளரின் இசைவின்றிச் செய்யப்பட்டவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானவை. பாட்டு பெருகியது, பாட்டு ஆக்கியோர்க்குரிய ஊதியம் வந்து சேரவில்லை. வெளிப்படையாகப் பேச இயலாத தொழிலாதலின், அக்கடைகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகளும் அரிதாயின.

எஞ்சியவை

2001இல் வெளிவந்த ஐபாடு ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைத்தது. இன்று கைபேசியில் பாடல்களுக்கு எல்லையே இல்லை. எதையும் விடவேண்டாத நிலையில் தேர்வின் வலி குறைகிறது. கேட்டவற்றைக் கணக்கிட்டு அடுத்த பாட்டை இயந்திரமே எடுத்து வைக்கிறது. தொகுப்பித்தோர் இன்றித் தொகை பெருகும் காலம் இது. எனினும் கேட்போர் தம் கையால் வரிசை அமைத்து, அதற்கொரு பெயரிட்டு, நண்பர்க்கு அனுப்பும் பழக்கம் அற்றுப்போகவில்லை என்பது ஆறுதல் அளிக்கிறது.

பரிபாடல் ஓர் எச்சரிக்கை தருகிறது. கிடைத்துள்ள பாடல்கள் பலவற்றின் அடியில் பாடினோர் பெயரோடு, பெட்டனாகனார், நன்னாகனார் முதலிய இசைவகுத்தோர் பெயரும், பாலையாழ், நோதிறம் என்னும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் வகுத்த இசை இன்றில்லை. யாரோ ஒருவர் ஏட்டில் எழுதிவைத்த குறிப்பே, அங்கு ஓர் இசை இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஒலிநாடாக்களும் பூஞ்சை படர்ந்து ஊமையாகி வருகின்றன. பேழைக்குள் மடித்துச் செருகிய பட்டியல் தாள்கள் இன்னும் படிக்கும் நிலையில் உள்ளன. பழைய பொருள்களைக் கழிக்கும்போது அத்தாள்களையேனும் எடுத்துவைத்து, எழுதியவர் யார், எந்த ஆண்டு, எவருக்காக என்று பின்புறம் குறித்துவைத்தல் நன்று. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரை வணங்கும் தமிழுலகுக்கு இது பெரும்பணி அன்று.