மடுல்சீமைக்கு வந்த சேதிகள்



பதுளையிலிருந்து பசறையைக் கடந்து மலையேறுவோர் மடுல்சீமைக்கு வந்து சேர்வர். தேயிலைச் சரிவுகளும், அவற்றிடையே லய வரிசைகளும், பெரும்பாலான நாட்களில் எல்லாவற்றையும் மறைக்கும் மூடுபனியும் உள்ள நாடு அது. இப்பக்கத்து அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர் நான். இம்மலைகளுக்குச் சேதி வந்து சேர்ந்த வரலாற்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அரசர் வரலாறும் போர் வரலாறும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இது சிறு பொருளாகத் தோன்றலாம். எனக்கும் அவ்வாறே தோன்றியிருந்தது, ஒரு மழைநாள் வரையில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். பருவமழை மூன்று நாளாக விடாது பெய்துகொண்டிருந்தது. அன்று மாலை, பாடசாலையில் இருந்த டேப்பை எடுத்தேன். பலகை போன்ற அச்சிறு கணினியை இப்போது யாவரும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். அதிலிருந்து பெற்றோர் அனைவருக்கும், ‘மழை காரணமாக நாளை பாடசாலை நடைபெறாது’ என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி விடுத்தேன். அனுப்பப்பட்டது என்று திரை காட்டிற்று. கடமை முடிந்ததென்று நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாட் காலை கட்டடத்தைப் பார்த்து வரச் சென்றபோது, பூட்டிய வாயிலருகே ஒரு மூதாட்டியும், நான்காந் தரத்திற் கற்கும் அவர் பேத்தியும் நனைந்து நின்றனர். கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து வருவோர் ஓர் ஓடையைக் கடத்தல் வேண்டும். அன்று அதில் நீர் முழங்காலுக்கு மேல் ஓடிற்று. “கட்டங் கட்டமாத்தான் வந்திச்சுங்க ஐயா. போன் பழுதாப் போச்சுன்னு நெனைச்சேன்” என்று தம் பட்டன் போனை என்னிடம் நீட்டினார். திரையிலே வரிசையாகச் சிறு சதுரங்கள். அவற்றின் நடுவே நான்கு இடைவெளிகள். நான் எழுதிய ஐந்து சொற்களில், சொற்கள் பிரியும் இடங்கள் மட்டுமே அவரை வந்தடைந்திருந்தன.

அந்தப் போன் பழுதாகவில்லை; சேதியும் போய்ச் சேராமல் இல்லை. ஆயினும், படிக்க வேண்டியவர் படிக்க இயலாத வடிவில் சேதி வந்தது. இவ்வாறு நேர்வது இம்மலைகளுக்குப் புதிதா எனின், புதிதன்று. நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் அது.

தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கங்காணிமாரின் கீழ்க் கூட்டங் கூட்டமாக வந்த காலத்தில், ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்ல ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இன்ன தொகைக் கடனை அடைப்பவர் இவர்களை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். தம்மைப் பற்றியே எழுதப்பட்ட அச்சீட்டைப் படித்தறியும் கல்வி, அதற்குக் கட்டுப்பட்டவருள் மிகப் பலருக்கு இல்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டோ இன்னும் விந்தையானது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்துக்குரிய எண் பொறித்த தகரத்துண்டு ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கிற்று. அக்காலத்தில் மனிதரே விலாசம் எழுதிய பொதிகளாக மலையேறினர்.

அடுத்தது தபால். தோட்டத்துத் தபால்காரர் அஞ்சலகத்துக்கு நடந்து சென்று பையைச் சுமந்து வருவார். பை ஆபீசில் அவிழ்க்கப்படும்; துரையின் கடிதங்கள் பங்களாவுக்கும், ஏனையவை கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று கைமாறி லயத்துக்கும் போகும். லயத்து அறைக்கெனத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரே விலாசம். ஒரே பெயருடையார் பலர் வாழும் தோட்டத்தில் கடிதம் எவர் கையிற் சேரும் என்பது அவரவர் நல்லூழைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைத்த கடிதம், பரீட்சை நடந்து முடிந்த பின் கைக்கு வந்த இளைஞர் ஒருவரை நான் அறிவேன்.

தந்தியின் கதை வேறு. மோர்சு என்பார் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே 1844இல் தந்தி விடுத்துக் காட்டினார். பதினான்கு ஆண்டுகளுக்குள், 1858இல், கொழும்புக்கும் காலிக்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டுவிட்டது. புள்ளியும் கோடுமான அக்குறியீடு ஆங்கில எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டது. ஆகவே மலைத் தோட்டத்துக்கு வந்த தந்தி ஆங்கிலத்தில் வந்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் ஆதலின் செய்தியும் சுருங்கிற்று. ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி’ என்னும் நான்கு சொற்களை அறியாத குடும்பம் மலையகத்தில் இல்லை எனலாம். அந்நான்கு சொற்களையும் கிளாக்கரே படித்துப் பொருள் சொல்வார். அவர் வாயைத் திறக்குமுன் வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். தந்தி என்றாலே சாவு என்று பொருள்கொண்ட காலம் அது. மகன் பிறந்த செய்தி வந்தபோதும் அழுதுவிட்டுப் பின்னர்ச் சிரித்த வீடுகள் உண்டு.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இக்கதையை வேறொரு திசையிற் செலுத்திற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு நாடுகளும் இசைந்தன. அண்ணன் நீலகிரிக்குப் போனான். தங்கை மடுல்சீமையில் நின்றாள். கோச்சியில் அழுதுகொண்டே பிரிந்த உறவுகளை அதன்பின் இணைத்தவை கடிதமும் தந்தியுமே. தலைமன்னார்–இராமேசுவரக் கப்பலும் 1984இல் நின்றது. அந்நாட்களில் ஓர் அஞ்சலுக்கு எவ்வளவு பெறுமதி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குதல் கடினம்.

இனி, கைத்தொலைபேசிக்கு வருவோம். இலங்கையில் அச்சேவை 1989இல் தொடங்கிற்று. இலக்கமுறை வலையமைப்பு 1995இல் வந்தது. குறுஞ்செய்தி அதற்குச் சிறிது முன்பே பிறந்திருந்தது. 1992 டிசம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியியலாளர், நத்தார் வாழ்த்து ஒன்றை ஒரு தொலைபேசிக்கு அனுப்பினார். அதை அவர் தொலைபேசியிலிருந்து அனுப்பவில்லை, கணினியிலிருந்தே அனுப்பினார். பெற்ற கருவியிலோ மறுமொழி எழுத வசதியில்லை. டேப்பிலிருந்து சேதி விடுத்துவிட்டு, எதிர்முனையில் நேர்ந்ததை அறியாது உறங்கிய எனக்கு, அம்முதற் சேதியின் கதை ஏனோ அண்மையதாகத் தோன்றுகிறது.

அச்சேதியின் அளவு அதற்கும் முன்னரே வரையறுக்கப்பட்டுவிட்டது. 1985இல் ஜெர்மனியின் பொன் நகரில், ஃபிரீடெல்ம் ஹில்லபிராண்ட் என்பார் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்திற் பட்ட வாக்கியங்களை அடித்து எழுத்தெண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் 160 எழுத்துக்குள் அடங்கின. போதும் என்று முடிவுசெய்தார். அவர் எண்ணியவை ஐரோப்பிய எழுத்துகள். குறுஞ்செய்திக்கென ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். அவ்வெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் போதுமாதலின் 160 எழுத்துகள் அதில் அடங்கும். அந்த ஏழு பிட் நெடுங்கணக்கில் ஆங்கிலம் உண்டு. ஐரோப்பிய மொழிகளின் புள்ளியிட்ட எழுத்துகள் உண்டு. கிரேக்கப் பேரெழுத்துகளும் உண்டு. தமிழ் இல்லை.

தமிழுக்கு யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991இல் இடங் கிடைத்தது. அம்முறையிற் குறுஞ்செய்தி எழுதுங்கால் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் வேண்டும். ஆகவே 160 என்பது 70 ஆகக் குறுகும். இதனோடும் முடியவில்லை. ‘கா’ என்னும் ஓரெழுத்து நம் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கோ ககரம் ஒன்று, கால் ஒன்று என இரண்டு. மெய்யெழுத்துக்கும் அவ்வாறே, புள்ளிக்குத் தனி இடம். என் பாடசாலைச் செய்தியில் பதினெட்டு எழுத்துகளும் நான்கு இடைவெளிகளுமே உள்ளன; கருவியோ அதனை 34 எனக் கணக்கிட்டது. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், கட்டணமும் இரட்டிக்கும். சொல்லுக்குக் காசு கேட்ட தந்தி இன்னும் சாகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவும் அனுப்பும் பக்கத்தின் கணக்கு. பெறும் பக்கத்திலோ, அக்குறிகளை எழுத்தாக வரைந்து காட்ட அக்கருவியினுள் தமிழ் எழுத்துரு இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வெற்றுக் கட்டம். எழுத்துரு இருந்தும் அடுக்கத் தெரியாத போன்களில் கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாது பின்னே போய் நிற்கும். இலங்கை தமிழ்க் குறியீட்டுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரத்தை 2008இல் வகுத்துக்கொண்டது. நன்று. ஆயினும், அதற்கு முன் வாங்கிய போனும், மலிவுக்கு வாங்கிய போனும், மகன் கொழும்பில் உபயோகித்துக் கழித்த போனும் லயங்களில் உயிரோடு உள்ளன.

ஆகவே நம் மக்கள் தாமே ஒரு வழி கண்டனர். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினர். எந்தப் போனும் அதைக் காட்டும். இளைஞர் அதனை வெகு விரைவாகப் படிக்கின்றனர். தமிழாசிரியர் சிலர் இதனை மொழிக்கேடு என்று வைவர். நான் வையேன், இயலாமையில் தோன்றிய கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. எம், ஏ, எல், ஏ, ஐ என்னும் ஐந்து எழுத்தும் மழையாகும், மலையாகும், மாலையுமாகும். மழை வருகிறது என்பதும் மலை வருகிறது என்பதும் அங்கே ஒன்றே. மற்ற ஊர்களில் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஊவா மலைகளிலே மலை உண்மையாகவே இறங்கி வருவதுண்டு.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததைப் பின்னர் நாடே அறிந்தது. சேதி சரியான எழுத்தில் வந்துவிட்டால் உயிர் தப்பிவிடும் என்று நான் கூறவரவில்லை. போவதற்கு வேறு வீடில்லாதவனுக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? எனினும், மண்சரிவு எச்சரிக்கை இன்று மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளாக விடுக்கப்படுகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல் வேண்டும். அச்சொல் கட்டமாக வருமாயின், அந்த ஓர் இரவும் கையை விட்டுப் போய்விடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோது சரிவுகள் பல நேர்ந்தன. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் ஓய்ந்தன. அப்போது கட்டங்கூட வரவில்லை. மின்கலத்தில் ஓடும் வானொலியே பல வீடுகளிற் பேசிற்று.

டேப்பைப் பற்றி ஒரு சொல். சிம் அட்டை ஏற்காத டேப்புக்குத் தொலைபேசி எண் இல்லை. இணையச் செயலி வழியாகச் சேதி விடுத்தால், அதே செயலி உள்ள போனுக்கே அது செல்லும். பட்டன் போனுக்கு அனுப்ப, சிம் உள்ள டேப்போ, துணைக்கு ஒரு கைத்தொலைபேசியோ வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதனை நாங்கள் பட்டறிந்தோம். அலை கிடைக்கும் பாறையைத் தேடி ஆசிரியரும் மாணாக்கரும் ஏறியது ஊவாவில் நடந்த கதை. ஏறியவர்க்குப் பாடம் கிடைத்தது. செயலி இல்லாத போனை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தவர்க்கு, பாடம் அனுப்பப்பட்டது என்பதே தெரியாது.

மூதாட்டி வந்த அந்நாளின் பிறகு, வகுப்பாசிரியர்களை அழைத்துப் பெற்றோர் அனைவருடைய போன்களையும் பரிசோதித்தோம். தமிழில் ‘நலமா’ என்று ஒரு சேதி விடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டோம். விடைகளை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மூன்று நிரல்களாக எழுதினேன். முதல் நிரலில் உள்ளோர்க்குத் தமிழெழுத்துச் செல்கிறது. இரண்டாம் நிரலில் உள்ளோர்க்கு ஆங்கில எழுத்தில் தமிழ் செல்கிறது. அங்கே மழைக்கு மட்டும் இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுமாறு ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நிரலில் உள்ளோருக்கு எதையும் எழுதுவதில்லை, அழைத்துப் பேசுகிறோம். அந்த மூதாட்டியின் எண் அங்கே உள்ளது. அவர் போன் ஒலிக்காவிடில், லயத்து முனையிற் கடை வைத்திருப்பவரை அழைப்பேன். அவர் வாசலில் நின்று கூவிச் சொல்வார்.