ஊர் கடந்த உறவு: தருமபுரிச் சீமையில் பாலினச் சிறுபான்மையினரின் அடைக்கல வரலாறு

தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெற்று, களிமண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனனைப் பீமன் வீழ்த்தும் படுகளத்தோடு விழா நிறைவுறுவது நெடுநாள் வழக்கம். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டி ஆடிவந்த இக்கூத்து மரபில், ஆண் பெண்ணாக உருமாறுவது ஊராருக்குப் புதிய காட்சியன்று. எனினும் கூத்துக்களத்தில் கைகூப்பி ஏற்றதை வீட்டுக்குள் ஏற்கும் மனம் வாய்க்கவில்லை. ஆணுடலில் பிறந்தும் தன்னைப் பெண்ணென உணர்ந்த பிள்ளை, அடி உதைக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி ஊரைவிட்டு வெளியேறுவதே பெரும்பாலும் நேர்ந்தது.

அவ்வாறு வெளியேறியோர் தம்மைப் போன்றவர்களைப் பெருந்திரளாகக் காணும் இடமாக இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் விளங்கியது. சித்திரைப் பௌர்ணமியையொட்டி, பாரதப் போரில் களப்பலியான அரவானைக் கூத்தாண்டவராக வழிபட்டுத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அதை அறுத்துத் துக்கம் காப்பதும் அங்குள்ள சடங்கு. சடங்கைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால் சிற்றூர்களிலிருந்து தனியே வந்த இளையோர் மூத்தவர்களைச் சந்தித்து உறவு பேசிக்கொண்ட இடமும் அதுவே என்பது அதே அளவுக்குக் கவனம் பெறவில்லை.

அந்த உறவின் அமைப்பு ஜமாத் எனப்படும். மூத்த திருநங்கை ஒருவர் இளையவரை ஜமாத்தார் முன்னிலையில் மகளாக ஏற்றுக்கொள்வார். ஏற்றவர் குரு, ஏற்கப்பட்டவர் சேலா, குருவின் குரு நானி, அதாவது பாட்டி. படுக்க இடம், உண்ணச் சோறு, நோயில் துணை, இறந்தால் ஈமக்கடன் என்று பெற்ற வீடு மறுத்த அனைத்தையும் இந்த உறவு தந்தது. அதற்கு விலையும் இருந்தது: சேலா தன் வருவாயில் பங்கு தரவும், கட்டுப்பாட்டை மீறினால் தண்டம் கட்டவும் வேண்டியிருந்தது, பிழைப்போ கடைகேட்டல் (கடைகளில் காசு கேட்டுப் பெறுவது), பாலியல் தொழில் எனக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே நின்றது. ஜமாத்தை இலட்சியக் குடும்பமாகப் போற்றுவதும் சுரண்டலென்று ஒதுக்குவதும் ஒருபோல் பிழையே.

இவ்வமைப்பு பெருநகரங்களிலேயே வலுப்பெற்றிருந்ததால், அடைக்கலம் என்பதே புலம்பெயர்தலாயிற்று. தருமபுரி 1965இல் தனி மாவட்டமாகும் வரை அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மற்றொரு பகுதியான நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த எழுத்தாளர் அ. ரேவதி, இளமையிலேயே வீட்டைவிட்டு டெல்லி வரை சென்று ஜமாத் வாழ்வில் சேர்ந்தவர். பின்னர்த் திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்ததோடு தன் வரலாற்றையும் எழுதியமையால், எழுத்தில் பதியாதிருந்த இவ்வுறவுமுறைக்கு உள்ளிருந்து எழுந்த சான்று கிட்டியது.

2008 ஏப்ரலில் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. இவற்றின் பயன் தருமபுரியில் கண்ணுக்குத் தெரிந்தது 2017இல்தான். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, விண்ணப்பப் படிவத்தில் தமக்கான பாலினக் கட்டமே இல்லாத நிலையில் வழக்காடி, 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்று, பயிற்சி முடித்துக் காவல் உதவி ஆய்வாளராகத் தருமபுரியில் பொறுப்பேற்றார். வெளியேறுவோர் மட்டுமே இருந்த பாதையில் ஒருவர் அதிகாரத்தோடு உள்ளே வந்தது, ஆணைகள் பலவற்றைக் காட்டிலும் பெரிய நிகழ்வு.

இதற்கிடையே, திருநங்கையருக்கு ஜமாத் இருந்ததுபோல், பெண்ணாகப் பிறந்து ஆணென உணரும் திருநம்பியருக்கோ, தன்பால் ஈர்ப்புடைய இளையோருக்கோ மரபுவழி அடைக்கலம் ஏதும் அமையவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, 2021 ஜூனில் வழங்கிய ஆணையில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்ததோடு, பள்ளி, கல்லூரிகள் செய்ய வேண்டியவற்றையும் வகுத்துரைத்தார்.

குடும்பம் எது என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம், இரத்தத்தாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தாலோ இணைந்தோரையே குடும்பமெனக் கொண்டது. ஜமாத்தின் தாய்க்கு அதில் இடமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, பெற்றோர் தடுத்து வைத்திருந்த இளம்பெண்ணை விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியன்று என்றும், தேர்ந்துகொண்ட குடும்பமும் சட்டம் அறிந்ததே என்றும் கூறியது. அத்தீர்ப்பு பயன்படுவது வயதுவந்தோருக்கே. பதினைந்து வயதில் வீடு ஏற்காத பிள்ளைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய இடம் நீதிமன்ற ஆணையின் பேரில் சேர்க்கப்படும் மறுவாழ்வு மையம்தான்.