சானடோரியம்: ஆஸ்பத்திரி பேரை வாங்கின ஸ்டேஷன்

பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். ஸ்டேஷனுக்கு வழக்கமாக ஊர்ப் பேர்தான் வைப்பார்கள். இதற்கு ஆஸ்பத்திரிப் பேர்.

காசநோய்க்காரர்களை மாசக்கணக்கில் தங்க வைத்து வைத்தியம் பார்க்கிற இடம்தான் சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே அதை ஆரம்பித்தார். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் இதே மாதிரி ஒன்றை நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே போய் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். பட்டணத்தை விட்டுத் தள்ளி, குன்றும் ஏரியும் வயலுமாகக் கிடந்த நம்ம பக்கம் அதற்குத் தோதாக இருந்தது. 1931-ல் மின்சார ரயில் தாம்பரம் வரை ஓட ஆரம்பித்தது. 1937-ல் ஆஸ்பத்திரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

வீட்டுப் பெண்ணுக்கு அந்த நோய் என்றால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளைகளைப் பிரிந்து இங்கே கிடக்கணும். சோறு பொங்க வீட்டில் வேறு ஆள் தேடணும்.

அந்த நிலைமையை மாற்றினதும் நம்ம சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நெருக்கமான சின்ன வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் தங்கினவர்கள் மாதிரியே அவர்களுக்கும் குணமானது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளிவந்தது. உலகமே அதைப் பின்பற்றியது. இதை நம்ம பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் போடணும் என்பேன்.

மருந்து வந்தும் கூச்சம் போகவில்லை. பொண்ணு பார்க்க வருகிறவர்களிடம் "சானடோரியத்தில் இறங்குங்க" என்று சொல்லத் தயங்கி, "தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடிங்க" என்ற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிறகு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் இதே ஆஸ்பத்திரி வைத்தியம் பார்த்தது. மற்றவர்கள் தொடவே பயந்த காலம் அது. புருஷனையும் இழந்து, தானும் மருந்து வாங்க வந்த பெண்கள் எத்தனையோ பேர் இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள்.

1984-ல் ஸ்டேஷன் பக்கத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. நாம் மெப்ஸ் என்கிறோமே, அதேதான். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் டிபன் டப்பாவோடு வந்து இறங்கினார்கள். நானும் அங்கே ஆறு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். சம்பளக் கவர் கைக்கு வந்த பிறகு, ஸ்டேஷன் பேரைச் சொல்ல எங்களில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

இந்தப் பேரை மாற்றினால் என்ன என்று நம்ம கூட்டத்திலேயே ஒரு அக்கா கேட்டார். எனக்குச் சம்மதமில்லை. 2005-ல் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்துவிட்டது. காலை ரயிலில் பாருங்கள், கையில் ஓ.பி. சீட்டோடு பாதிப் பேர், கழுத்தில் கம்பெனி அட்டையோடு மீதிப் பேர்.