ஒரே வருடம், இரண்டு புதையல்கள், ஒரு "முட்டாள்" ராஜா

ராத்திரி ரிலீஸ் முடிந்து தூக்கம் வராமல் யூட்யூபில் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் இந்த மெட்டல் டிடெக்டர் உலகத்துக்குள் விழுந்தேன். இங்கிலாந்தில் யாரோ ஒரு ரிட்டையர்டு ஆசாமி, உழுத வயலில் காதில் ஹெட்போனோடு மணிக்கணக்காக நடக்கிறார். பீப் சத்தம் வந்தால் குனிந்து தோண்டுகிறார். பத்தில் ஒன்பது தடவை ஆணி, பித்தளைப் பொத்தான், சோடா மூடி. பத்தாவது தடவை கையில் ஒரு சின்ன வெள்ளிக் காசு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வாரம் இதே பார்த்தேன். வீட்டில் திட்டு வாங்கிய பிறகு, பார்ப்பதை விட்டுவிட்டு படிக்க ஆரம்பித்தேன்.

கருவி பெரிய மாயமெல்லாம் இல்லை. பி.இ. இரண்டாம் வருடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான். ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் போகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, திரும்பி வரும் சிக்னல் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தின் அளவை வைத்து வெள்ளியா இரும்பா என்று ஓரளவு ஊகிக்கலாம். சின்னக் காசு என்றால் சாதாரணமாக ஒரு முழங்கை ஆழம்கூடப் போகாது. இந்த ஆழம் முக்கியம். கலப்பை கிளறிப் போட்ட மேல்மண்ணில் கிடைக்கும் காசு ஏற்கனவே இடம் பெயர்ந்தது. அதற்குக் கீழே, புதைத்தவன் வைத்த இடத்திலேயே இருப்பதுதான் நிஜமான சாட்சி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கி.பி. 874. இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மெர்சியா என்ற ராஜ்யம். வைக்கிங் படை உள்ளே வருகிறது, ராஜா பர்க்ரெட் ரோமுக்கு ஓடிவிடுகிறார். அடுத்து அரியணையில் உட்கார்ந்தவர் இரண்டாம் செயோல்வுல்ஃப். தெற்கே வெஸ்ஸெக்ஸில் ஆல்ஃபிரெட் ஆள்கிறார், பிற்காலத்தில் "மகா" பட்டம் பெற்ற அதே ஆல்ஃபிரெட். ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு என்ற பழைய வரலாற்று ஏடு செயோல்வுல்ஃபை எப்படிப் பதிவு செய்கிறது தெரியுமா? ராஜா என்றுகூடச் சொல்லாமல், முந்தைய ராஜாவிடம் சேவகம் பார்த்த அறிவில்லாத ஆள் என்கிறது. வைக்கிங்குகளுக்குப் பிணையாட்கள் கொடுத்து, கேட்டபோது நாட்டைத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்த பொம்மையாம்.

ஆயிரம் வருடம் எல்லோரும் கிட்டத்தட்ட இதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அந்த ஏடு தொகுக்கப்பட்டது 890களில், ஆல்ஃபிரெட்டின் ஆட்சியில். அதற்குள் செயோல்வுல்ஃப் போய், மெர்சியாவை ஆல்ஃபிரெட்டுக்குக் கீழ்ப்பட்ட எதெல்ரெட் நிர்வகிக்கிறார். ஆல்ஃபிரெட்டின் மகளைக் கட்டியவரும் அவரே. ஒரு சர்வர் பழுதாகி, அதன் கதையைச் சொல்லும் லாக் முழுவதையும் போட்டி டீமே எழுதியிருந்தால் எவ்வளவு நம்புவோம்? எனக்கு இப்படித்தான் புரிகிறது.

அந்த லாகுக்கு வெளியே இருந்த முக்கியமான சாட்சி காசுகள். பழைய ரோமானியத் தங்க நாணயம் ஒன்றைப் பார்த்துச் செய்த ஒரு வெள்ளிக் காசு உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேரரசர்கள் உட்கார்ந்திருக்க, மேலே சிறகு விரித்த வெற்றி தேவதை. "இரு பேரரசர்" வகை என்பார்கள். இதே படத்தை ஆல்ஃபிரெட்டும் வெளியிட்டிருக்கிறார், செயோல்வுல்ஃபும் வெளியிட்டிருக்கிறார். ஆனால் ரொம்ப காலமாக விரல் விட்டு எண்ணும்படிதான் கிடைத்திருந்தன. இருவரும் கூட்டாளிகளாக இருந்திருக்கலாம் என்று 1990களிலேயே சில நாணயவியலாளர்கள் எழுதினார்கள். இரண்டொரு காசை வைத்து எவ்வளவு தூரம் வாதாட முடியும்? ஏதோ ஒரு விசேஷத்துக்கு அடித்த காசு என்று ஒதுக்கிவிடலாம்.

அப்புறம் 2015 வருகிறது.

அக்டோபர் மாதம், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் பக்கத்து வயலில் ஒருவர் டிடெக்டரோடு நடக்கிறார். நல்ல சிக்னல். தோண்டினால் வெள்ளிக்கட்டியும் காசுகளும். அவர் செய்ததுதான் பெரிய விஷயம்: நிறுத்தினார். குழியை மூடிவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, மண்ணோடு மண்ணாக ஒரே கட்டியாகத் தூக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் பிரித்தபோது 186 காசுகள், 15 வெள்ளிக்கட்டிகள், 7 நகைத் துண்டுகள். அதில் 13 காசுகள் "இரு பேரரசர்" வகை! கூடவே, சிலுவையும் சாய்சதுரமும் போட்ட இன்னொரு வகையும் இரண்டு ராஜாக்கள் பெயரிலும் நிறைய. ஒரே வடிவம், நல்ல வெள்ளி, இரண்டு நாட்டுக்கும். அதற்குச் சில வருடம் முன்புவரை இதே நாடுகளின் காசில் வெள்ளி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்குக் கலப்படம் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசாமல் இப்படிச் சீர்திருத்தம் நடந்திருக்காது.

பத்திரிகைகள் "வரலாறே மாறிவிட்டது" என்று தலைப்பு போட்டன. எனக்கு அவ்வளவு வேகம் இல்லை. ஒரே காசு என்றால் நட்பு என்று ஆகிவிடாது, வியாபார வசதிக்காகவும் செய்திருக்கலாம். ஆனால் பல அச்சாளர்கள் பல அச்சுகளில் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு, அந்த "அறிவில்லாத சேவகன்" கதையை அப்படியே நம்புவது கஷ்டம்.

புதைத்தது யார் என்பதற்கும் துப்பு உண்டு. வளையல் துண்டும் வெள்ளிக்கட்டியும் வைக்கிங் பாணி. 878-ல் எடிங்டன் போரில் ஆல்ஃபிரெட்டிடம் தோற்ற வைக்கிங் படை, மறு வருடம் கிழக்கு ஆங்கிலியாவுக்குக் கிளம்புகிறது. போகிற வழியில் யாரோ புதைத்திருக்கலாம். காசு, கட்டி, நகை எல்லாம் ஒன்றாக ஒரே குழியில் கிடைத்ததால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

இதற்கு நான்கு மாதம் முன்னால், அதே 2015 ஜூனில், ஹெரிஃபோர்டுஷயரில் லியோமின்ஸ்டர் பக்கம் இரண்டு பேர் இதே காலத்துப் புதையலை எடுத்தார்கள். தங்க மோதிரம், மிருகத் தலை போட்ட தங்கக் காப்பு, படிகக் கல் பதித்த பதக்கம், வெள்ளிக்கட்டி, கூடவே சுமார் 300 காசுகள் என்று மதிப்பீடு. நகைகளை மட்டும் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். காசுகளைச் சத்தமில்லாமல் விற்க ஆரம்பித்தார்கள்.

இங்கிலாந்துச் சட்டப்படி (1996ஆம் வருடத்துப் புதையல் சட்டம்) 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே 14 நாளுக்குள் சொல்லவேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பைத் தருவார்கள், வழக்கமாகக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. வாட்லிங்டன் புதையலை ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 2017-ல் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஹெரிஃபோர்டுஷயர் புதையலின் மதிப்பு 30 லட்சத்திலிருந்து 120 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். குறைந்த கணக்கையே வைத்தாலும், நேர்மையாகச் சொல்லியிருந்தால் இருவருக்கும் சேர்த்து 15 லட்சம் வந்திருக்கும். பேராசைக்குக் கணக்குத் தெரியாது போல.

(நம்மூரில் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் சொல்லவேண்டும். அந்தப் பத்து ரூபாயை ஒருதடவைகூட மாற்றவில்லை.)

மாட்டியது எப்படி? என் தொழில்காரர்களுக்குப் பிடிக்கும். போனிலிருந்து அழித்துவிட்ட புகைப்படங்களைப் போலீஸ் மீட்டெடுத்தது. புதையல் பிரிக்கப்படாமல், மண் ஒட்டிக் கிடந்த படம். டெலீட் பட்டனை அழுத்தினால் அழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் வொர்ஸ்டர் நீதிமன்றம் ஒருவருக்கு 10 வருடமும் இன்னொருவருக்கு எட்டரை வருடமும் கொடுத்தது. மேல்முறையீட்டில் பின்னர் குறைந்தது.

ஆனால் அந்த வழக்கின்போது கையில் கிடைத்திருந்தது சுமார் 30 காசுகள்தான். அந்த முப்பதிலேயே "இரு பேரரசர்" காசுகள் இருக்கின்றன. எத்தனை ஆல்ஃபிரெட் பெயரில், எத்தனை செயோல்வுல்ஃப் பெயரில், எந்த அச்சாளர், எந்த அச்சு என்று வாட்லிங்டனோடு வரிசையாக ஒப்பிட்டிருந்தால், அந்தக் கூட்டு எத்தனை வருடம் நீடித்தது என்பதுகூடத் தெரிந்திருக்கும். மீதியில் பெரும்பாலான காசுகள் எங்கே போயின என்று தெரியாது. தனித்தனியாக யார் யாரோ அலமாரியில் இருக்கலாம்.

ராத்திரி தூக்கம் வராதபோது இப்போதெல்லாம் வீடியோ பார்ப்பதில்லை. நாணய ஏலத் தளங்களைத் திறந்து, தேடல் பெட்டியில் செயோல்வுல்ஃப் என்று அடித்துப் பார்க்கிறேன். எப்போதாவது ஒன்று வரும். எங்கே கிடைத்தது என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.