சித்திரப் பாடவேளையை வாங்கிய கதையும் ஜோசப் அல்பர்ஸ் என்ற ஆசிரியரும்

 

மூன்றாம் தவணை தொடங்கினால் நம் பாடசாலைகளில் ஒரு வழமை இருக்கிறது. நேரசூசியில் சித்திரம் என்று இருக்கும் இடத்தில் கணிதமோ விஞ்ஞானமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். "டீச்சர், இந்தப் பாடத்தைக் கொஞ்சம் தாங்க, அலகு இன்னும் முடியல்ல" என்று கேட்டால் சித்திர ஆசிரியை மறுப்பதில்லை. மறுத்தால் பெற்றோருக்கே கோபம் வரும். மறைப்பானேன், கணிதம் படிப்பிக்கும் நாமும் அப்படிப் பல பாடவேளைகளை வாங்கியவர்கள்தான். போன கிழமை அப்படி ஒரு வகுப்புக்குள் போனபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை நிறப் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுக் கணிதக் கொப்பியை எடுத்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

ஜோசப் அல்பர்ஸ் ஓர் அரூப ஓவியர். அதாவது மனிதரையோ மரத்தையோ வரையாமல், நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்து ஓவியம் செய்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆனால் அதற்கெல்லாம் முன்பு அவர், நம்மில் பலரைப் போல, ஆசிரியர் கலாசாலையில் பயின்று சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்.

அல்பர்ஸ் 1888 இல் ஜேர்மனியின் பொட்ரொப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தகப்பன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வர வேண்டும், அப்போதுதான் வழிவதைப் பிடிக்கலாம், சட்டைக் கையும் அழுக்காகாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பல்லாண்டுகளுக்குப் பிறகு உலகப் புகழ்பெற்ற ஓவியங்களையும் அல்பர்ஸ் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத்தான் தீட்டினார்.

1905 முதல் 1908 வரை பியூரன் என்ற ஊரின் ஆசிரியர் கலாசாலையில் படித்தார். பிறகு பொட்ரொப்பிலும் பக்கத்து ஊர்களிலும் ஆரம்பப் பாடசாலைகளில் படிப்பித்தார். பேர்லினில் படித்து 1915 இல் சித்திர ஆசிரியருக்கான தகைமை பெற்றார். மறுபடியும் ஊருக்கு வந்து படிப்பித்தார். 1920 இல், வைமார் நகரில் ஒரு வருடத்துக்கு முன் தொடங்கியிருந்த பௌஹௌஸ் என்ற கலைப் பாடசாலையில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. கூடப் படித்தவர்களில் பலர் அவரைவிட மிகவும் இளையவர்கள். முப்பது தாண்டினால் இனி என்ன படிப்பு என்று நம் ஆசிரியர் அறைகளில் கேட்கும் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறமும் துணியும் வாங்க அவரிடம் காசு இருக்கவில்லை. ஒரு பையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நகரத்தின் குப்பைமேட்டுக்குப் போனார். உடைந்த போத்தல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, கம்பியாலும் தகரத்தாலும் கோத்து, வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடிப் படங்களைச் செய்தார். முதலில் அவரைச் சுவரோவியம் படிக்கச் சொல்லியிருந்தவர்கள், அந்தப் படங்களைப் பார்த்ததும் கண்ணாடிப் பட்டறையையே அவரிடம் ஒப்படைத்தார்கள். 1923 இல் முதலாண்டு மாணவருக்குப் படிப்பிக்கும் பொறுப்பும் வந்தது. மாணவராகப் போனவர் மூன்று வருடத்தில் அங்கே ஆசிரியரானார்.

அவருடைய வகுப்பு ஒன்றைப் பற்றி ஒரு மாணவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அல்பர்ஸ் ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளோடு உள்ளே வந்து, ஆளுக்கொன்று கொடுத்து, இதை வீணாக்காமல் இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேசை நிறையக் கோட்டையும் கப்பலும் முகமூடியும் இருந்தன. இவற்றையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். பிறகு ஒரு மாணவரின் வேலையை எடுத்துக் காட்டினார். அந்த மாணவர் செய்தது, தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்திவைத்தது மட்டும். படுத்துக் கிடக்கும் மெல்லிய தாள் இப்போது விறைப்பாக எழுந்து நிற்கிறது, அதன் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகின்றன என்று விளக்கினார். கையிலிருக்கும் பொருளுக்கு என்ன முடியும் என்பதைக் கவனித்துப் பார்க்கச் சொன்னதுதான் அந்தப் பாடம்.

1933 இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. நாஜிகளின் நெருக்குதலில் பௌஹௌஸ் மூடப்பட்டது. அல்பர்ஸின் மனைவி ஆனி பெரிய நெசவுக் கலைஞர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வருட நவம்பரில் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். வட கரோலினா மாநிலத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த பிளாக் மவுண்டன் என்ற சிறிய கல்லூரியில் வேலை கிடைத்தது. அல்பர்ஸுக்கு ஆங்கிலம் மிகக் குறைவு. நீங்கள் இங்கே என்ன படிப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, கண்களைத் திறப்பது என்ற பொருளில் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அங்கே 1949 வரை இருந்தார்.

அங்கே அவரிடம் படித்தவர்களில் ரூத் அசாவாவின் கதையை நாம் கட்டாயம் அறிய வேண்டும். கலிபோர்னியாவின் ஜப்பானிய வம்சாவளி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அந்தக் குடும்பத்தை முகாமில் அடைத்தது. முகாமிலிருந்து வெளியே வந்து, ஆசிரியையாகும் ஆசையில் மில்வாக்கி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் இனத்தின் பெயரால் கற்பித்தல் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் பட்டம் முடிக்க முடியவில்லை. 1946 இல் பிளாக் மவுண்டனுக்கு வந்து அல்பர்ஸிடம் படித்தார். பிறகு கம்பியைப் பின்னிச் செய்த சிற்பங்களால் பெயர் பெற்றார். 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சாதாரண அரசாங்கப் பாடசாலையில் பிள்ளைகளுக்கான கலைப் பட்டறையைத் தொடங்கினார். மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்த களியும், வெறும் பால் பெட்டிகளும்தான் அங்கே சாமான்கள். இன்று அந்த நகரின் கலைப் பாடசாலை ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. இடம்பெயர்ந்து முகாமில் படித்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

அல்பர்ஸ் மென்மையான ஆசிரியரல்லர். கண்டிப்பானவர். ரொபர்ட் ரவுஷன்பேர்க் என்ற மாணவருக்கு அவருடைய வகுப்பு பெரும் சிரமமாக இருந்தது. ஆனால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ரவுஷன்பேர்க், தனக்குக் கிடைத்த மிக முக்கியமான ஆசிரியர் அல்பர்ஸ்தான் என்று சொன்னார். அவருடைய ஓவியமோ அல்பர்ஸின் ஓவியம் போலத் துளியும் இல்லை.

1950 இல் யேல் பல்கலைக்கழகம் அல்பர்ஸை வடிவமைப்புத் துறைத் தலைவராக அழைத்தது. அதே வருடம், 62 வயதில், 'சதுரத்துக்கு மரியாதை' என்ற தொடரைத் தொடங்கினார். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம், அதற்குள் இன்னொன்று. மூன்று அல்லது நான்கு சதுரங்கள், வேறொன்றும் இல்லை. 1976 இல் இறக்கும்வரை 26 வருடம் இதையே செய்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள். எந்த நிறத்தைப் பாவித்தார் என்பதைப் பலகையின் பின்பக்கம் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு விடயம். இந்தச் சதுரங்கள் நடுமத்தியில் இருப்பதில்லை, கீழ்ப்பக்கமாக இறங்கியிருக்கும். உள்ளே உள்ள சதுரத்துக்கும் வெளியே உள்ளதுக்கும் இடைவெளி கீழே ஒரு பங்கு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பங்கு, மேலே மூன்று பங்கு. கூட்டிப் பாருங்கள். மேலும் கீழும் நான்கு, இடமும் வலமும் நான்கு. அதனால்தான் உள்ளே உள்ளதும் சதுரமாகவே நிற்கிறது. விகிதம் படிப்பிக்க இதைவிட நல்ல படம் நமக்குக் கிடைக்காது. சித்திரப் பாடவேளையை வாங்கி விகிதம் படிப்பித்த நமக்கு இது இத்தனை நாளாகத் தெரியவில்லை.

1963 இல் நிறங்களைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதில் உள்ள ஒரு பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். ஒரே கடதாசியிலிருந்து இரண்டு சிறிய துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றைக் கடும் நிறத் தாளிலும் மற்றதை வெளிறிய தாளிலும் வையுங்கள். இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும். துண்டு மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளை, எந்தப் பொருளையும் எந்த மனிதரையும் ஒரே பார்வையில் தீர்மானித்துவிடத் தயங்கும். புலமைப்பரிசில் பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் இந்த நாட்டில் வாழ்வதற்கு இந்தத் தயக்கம் எவ்வளவு தேவை என்பது நமக்குத் தெரியாததா?

1971 இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட்காட்சிச்சாலை அவருடைய வாழ்நாள் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தது. உயிரோடிருக்கும் ஓர் ஓவியருக்கு அங்கே அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அவர் இறந்து நான்கு வருடத்தில், 1980 இல், அமெரிக்கத் தபால் திணைக்களம் கல்வியைச் சிறப்பித்து ஒரு முத்திரை வெளியிட்டது. கற்றலுக்கு முடிவில்லை என்ற கருத்தோடு வந்த அந்த முத்திரையில் இருந்தது பள்ளிக்கூடமோ புத்தகமோ அல்ல. அல்பர்ஸின் சதுரம்.

கணிதம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அதுதான் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் பார்க்கப் பழகாத பிள்ளைக்குக் கேத்திர கணிதமும் விளங்காது. ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை சித்திரக் கொப்பி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். காசு இல்லையென்றால் பழைய பத்திரிகையும் காய்ந்த இலையும் போதும். சக ஆசிரியர்களே, நாம் வாங்கிய பாடவேளைகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்வோம். இந்தத் தவணையில் நாம் வாங்கியவை நான்கு. அடுத்த தவணையில் நம் பாடவேளைகளில் நான்கைச் சித்திர ஆசிரியையிடம் திருப்பிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.