குத்துச்சண்டை நடுவர்

குத்துச்சண்டை மேடையில் இரு வீரர்களோடு நிற்கும் மூன்றாம் ஆள் நடுவர். ‘ஸ்டாப்’, ‘பிரேக்’, ‘பாக்ஸ்’ என்ற ஆணைகளால் சண்டையை நடத்துவது, தவறான குத்துக்கு எச்சரிப்பது, விழுந்தவருக்கு எண்ணுவது, தேவைப்பட்டால் தகுதிநீக்கம் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. 1997-இல் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த மைக் டைசனை வெளியேற்றியவர் நடுவர் மில்ஸ் லேன்.

பட்டப் போட்டிகளில் இன்று புள்ளியிடுவது மேடைக்கு வெளியே அமரும் மூவர். பிரிட்டனில் நெடுங்காலம் நடுவர் ஒருவரே வெற்றியையும் தீர்மானித்தார். 1971-இல் ஜோ பக்னர் ஹென்றி கூப்பரைக் கால் புள்ளியில் வென்றதாக ஹாரி கிப்ஸ் அளித்த தீர்ப்பை ரசிகர்கள் எளிதில் மறக்கவில்லை.

எண்ணிக்கையும் தகராறுக்கு இடம்தரும். 1927-இல் சிகாகோவில் ஏழாம் சுற்றில் ஜீன் டன்னியை வீழ்த்திய ஜாக் டெம்ப்சி, விதிப்படி தொலைவிலுள்ள நடுநிலை மூலைக்குப் போகாமல் அருகிலேயே நின்றார். அவர் விலகிய பிறகே நடுவர் டேவ் பாரி எண்ணத் தொடங்கினார். டன்னிக்குச் சில வினாடிகள் கூடுதலாகக் கிடைத்தன. எழுந்து ஆடி, புள்ளிக் கணக்கில் வென்றார். விதியை மீறியது டெம்ப்சி. பாரியைக் குறைசொல்ல இடமில்லை.

எல்லாவற்றிலும் கனமானது சண்டையை நிறுத்தும் அதிகாரம். 1962-இல் நியூயார்க்கில் 12-ஆம் சுற்றில், மூலையில் கயிற்றில் சாய்ந்து செயலிழந்துகிடந்த பென்னி பாரெட்டை எமில் கிரிஃபித் அடுக்கடுக்காகக் குத்தினார். அனுபவசாலியான நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் குறுக்கே புகும்முன் காரியம் முடிந்துவிட்டது. நினைவு திரும்பாமலே பாரெட் பத்து நாளில் இறந்தார்.

இந்தத் தாமதத்துக்கு நேர் எதிராக, அவசரப்பட்டு நிறுத்திவிட்டார் என்ற பழி 1990 மார்ச் 17-இல் லாஸ் வேகஸில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் தலையில் விழுந்தது. கடைசிச் சுற்றில் ஹூலியோ சேசர் சாவேஸின் வலக்கைக் குத்தில் விழுந்த மெல்ட்ரிக் டெய்லர், கயிற்றைப் பிடித்து எழுந்துவிட்டார். மூன்று புள்ளி நடுவர்களில் இருவரிடம் அவரே முன்னிலை. ‘நலமா?’ என ஸ்டீல் இருமுறை கேட்டார். டெய்லரின் கண்ணோ தன் பயிற்சியாளர் பக்கம் போனது, பதில் இல்லை. ஸ்டீல் கைகளை வீசி முடித்துவைத்தபோது கடிகாரத்தில் 2 வினாடிதான் பாக்கி. மணி அடிக்க விட்டிருக்கலாம் என்பார்கள். ஆனால் எழுந்து நிற்பவரின் நிலையைப் பார்த்து முடிவெடுப்பதே நடுவரின் வேலை. கடிகாரமும் புள்ளிப் பட்டியலும் அவர் கணக்கில் வரக்கூடாது. ஸ்டீலுக்கு அதன்பின் ரசிகர்களின் கூச்சலும் கிடைத்தது, 2014-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் இடமும் கிடைத்தது.